கன்றின் ரோமத்தில் குடியேறிய பங்கசு: மஸ்கெலியாப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் நின்றது நான்கு மாதக் கிடாரிக் கன்று. பிரீசியன் கலப்பு. இரண்டு கண்களைச் சுற்றியும், காதுமடலிலும், கழுத்தின் இடப்பக்கத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு தடித்துக் கிடந்தது. பொருக்கு இருந்த இடங்களில் ரோமம் இல்லை. காய்ச்சல் இல்லை, பால் குடிப்பதில் குறைவில்லை, பெரிதாகச் சொறிந்துகொள்ளவும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர்கள் பயந்தது கன்றை நினைத்து மட்டும் அல்ல. எட்டு வயது மகனின் முன்கையில் சிவந்த வட்டம், உச்சந்தலையில் ஒரு வீக்கம். தாயின் முன்கையிலும் அதே மாதிரி வட்டம்.

மாட்டுக்கு வரும் படர்தாமரை அரிய நோய் அல்ல. மலையகத்தில் மழைக்காலம் தொடங்கினால் கன்று வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காண்பதுதான். கன்றுக்கு வைத்தியம் பார்க்கப் போன நான் இந்த நிகழ்வை முழுதாக எழுதக் காரணம் வேறு. கன்றுக்கு ஒரு மருந்து, தாய்க்கு ஒரு கிறீம், பையனுக்கு ஒரு கிறீம் என்று மூன்றையும் மூன்று தனிக் கதைகளாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்காவது நோயாளியான கொட்டிலை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் சொன்னதும் கொட்டில் காட்டியதும்

தகப்பனார் முதலில் சொன்னது இது: "போன வருசக் கன்னுக்கும் இப்பிடித்தான் சேர் இருந்துச்சு. தானாவே போயிருச்சு. அதனால இதயும் பெருசா எடுத்துக்கல." நோய்க்கதையின் பாதி இந்த ஒரு பேச்சிலேயே இருக்கிறது. போன வருடக் கன்று விற்றுப் போய்விட்டது. அது நின்ற இடத்தில்தான் இந்தக் கன்று பிறந்து வளர்ந்தது.

கொட்டில் சின்னது. மேலே பழைய தகரம், காற்று வரும் பக்கத்தில் கொழுந்துச் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதிக் கொட்டும் ஊர் இது. குளிருக்கும் சாரலுக்கும் பயந்து மூடுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் மூடிய பிறகு உள்ளே வெளிச்சம் இல்லை, தரை காய்வதில்லை, மூத்திர நெடி கண்ணை எரிக்கிறது. தாய்ப்பசுவும் கன்றும் ஒரே தடுப்புக்குள், முட்டிக்கொண்டு நின்றன.

அங்கே என் கண்ணைப் பிடித்தது ஒரு யூகலிப்டஸ் தூண். கன்றின் கழுத்து உயரத்தில் அந்தத் தூண் உரசி உரசி வழுவழுப்பாகியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், மரத்தின் வெடிப்புகளில் குட்டை ரோமங்கள் சிக்கியிருந்தன. சில கறுப்பு, சில வெள்ளை, சில செம்மண் நிறம். இந்த வீட்டில் இப்போது இருக்கும் கன்று கறுப்பு வெள்ளை. செம்மண் நிறம் யாருடையது என்று கேட்டேன். "அது போன வருசக் கன்னு," என்றார் பையனின் தாயான அக்கா. ரோமத்தின் அடியில் வெள்ளைத் தவிடு மாதிரித் தோல் துகள் ஒட்டியிருந்தது.

மாட்டின் படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமான பங்கசு ட்ரைக்கோபைட்டன் வெருக்கோசம். இதன் வித்திகள் உதிர்ந்த பொருக்கிலும் ரோமத்திலும் மர இடுக்கிலும் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாடு கைமாறிப் போனாலும் நோய் கைமாறாமல் கொட்டிலிலேயே தங்குவது அதனால்தான்.

பரிசோதனை

மழைக்காலத்தில் கன்றின் தோலில் பொருக்கு என்றால் உடனே படர்தாமரை என்று முடிவு கட்டக் கூடாது. சொறிப்பூச்சி இருக்கலாம். ஈரத்தில் வரும் டெர்மட்டோபிலஸ் என்ற பற்றீரியா நோயும் இருக்கலாம். அதுவும் பொருக்குத்தான், ஆனால் முதுகுப் பக்கம் அதிகம் வரும். பொருக்கைத் தூக்கினால் ரோமக் கொத்தும் சேர்ந்து தூரிகை மாதிரி வரும், அடியில் ஈரமாகச் சீழ் இருக்கும். இந்தக் கன்றின் பொருக்கு உலர்ந்திருந்தது, முகத்திலும் கழுத்திலும் இருந்தது, ஓரம் வட்டமாக இருந்தது.

மாதிரியை எடுக்க வேண்டியது பொருக்கின் நடுவிலிருந்து அல்ல, ஓரத்திலிருந்து. நடுவில் பங்கசு பெரும்பாலும் செத்திருக்கும். நல்ல தோலை நோக்கி அது நகர்ந்துகொண்டிருப்பது விளிம்பில்தான். விளிம்பில் ஒடிந்து நின்ற ரோமங்களை இடுக்கியால் பிடுங்கி, சுரண்டிய துகளோடு கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஐதரொக்சைட்டு ஒரு துளி விட்டு, இலேசாகச் சூடு காட்டினேன். தோலின் புரதம் கரைந்து தெளிந்ததும், ரோமத் தண்டின் வெளிப்பக்கத்தைச் சுற்றி உருண்டை வித்திகள் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாகத் தெரிந்தன. சொறிப்பூச்சி ஒன்றும் இல்லை.

மிச்ச மாதிரியைக் கடித உறையில் போட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்து வேறு பூஞ்சணங்கள் வளர்ந்துவிடும், கடதாசிதான் நல்லது. கூடவே போன தாளில் "மாடு" என்று பெரிய எழுத்தில் எழுதினேன். படர்தாமரைப் பங்கசுகள் பலவும் உடல் சூட்டைவிடக் குளிர்ந்த சூட்டில் நன்றாக வளரும். இந்த ஒன்று மட்டும் 37 பாகை செல்சியசில் செழிக்கும், தயமின் என்ற வைட்டமினும் கேட்கும், அப்படியும் மெதுவாகத்தான் வளரும். எந்த மிருகத்தின் ரோமம் என்று தெரியாமல் வழக்கமான முறையில் வைத்தால், வாரக்கணக்கில் காத்திருந்தும் "ஒன்றும் வளரவில்லை" என்று பதில் வரக்கூடும்.

ஸ்லோத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அந்த வீட்டு மூத்த மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். கன்றின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். நான் ரோமம் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "சேர், போன்ல ஸ்லோத்துன்னு ஒரு மிருகம் பாத்தேன். அது முடியில பாசி, பூஞ்சணம், பூச்சி எல்லாம் குடியிருக்குதாம். அதுக்கு ஒண்ணும் ஆகல. எங்க கன்னுக்கு மட்டும் ஏன் இப்பிடி?"

இந்த நிகழ்வில் கேட்கப்பட்டதிலேயே சிறந்த கேள்வி இது என்று நினைக்கிறேன். இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் வைத்தியமும் தானாகப் புரிந்துவிடும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்லோத்து நம் பக்கத்து மிருகம் அல்ல. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் காடுகளில் மரத்திலேயே தொங்கி வாழ்கிறது. மெதுவாக நகர்வதால் நம் ஊர்த் தேவாங்கின் சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். தேவாங்கு குரங்குகளின் பக்கத்து இனம், ஸ்லோத்து அமெரிக்கக் காட்டு எறும்புதின்னிகளின் பக்கத்து இனம். ஹோர்டன் சமவெளியின் குளிரில் வாழும் தேவாங்குக்கு அடர்ந்த ரோமம் உண்டு. அந்த ரோமத்தை ஸ்லோத்தின் ரோமத்தைப் பார்த்த அளவுக்கு யாராவது கிட்டப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மூன்று விரல் ஸ்லோத்தின் வெளி ரோமம் ஒவ்வொன்றிலும் குறுக்காக வெடிப்புகள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் அந்த வெடிப்புகளில் ஊறி நிற்கிறது. அங்கே அல்கா என்ற பாசி வளர்கிறது. ட்ரைக்கோபிலஸ் வெல்கெரி என்ற பச்சை அல்கா ஸ்லோத்தின் ரோமத்தோடு தனியான உறவு கொண்டது. அந்த மிருகம் பச்சையாகத் தெரிவது இதனால்தான். ரோமத்துக்குள் அந்துப்பூச்சிகளும் உண்டு. மூன்று விரல் ஸ்லோத்து ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவை மரத்தை விட்டிறங்கித் தரையில் மலம் கழிக்கும். அந்த நேரம் பெண் அந்துகள் சாணத்தில் முட்டையிடும். புழு சாணத்தைத் தின்று வளர்ந்து, இறக்கை முளைத்ததும் மேலே பறந்துபோய் மறுபடி ரோமத்துக்குள் குடியேறும். அந்து அதிகமுள்ள ரோமத்தில் நைதரசனும் அதிகம், அல்காவும் அதிகம் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த அல்காவை ஸ்லோத்து நக்கித் தின்று பயன் பெறுகிறது என்றும் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்தக் கடைசிப் பகுதியை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பங்கசுவைப் பற்றிய ஆய்வும் 2014இல்தான் வந்தது. பனாமாவின் சோபரானியா தேசியப் பூங்காவில் உயிரோடிருந்த மூன்று விரல் ஸ்லோத்துகளின் ரோமத்தை வெட்டியெடுத்து, அதன் மேற்பரப்பிலிருந்து 84 பங்கசு மாதிரிகளை வளர்த்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது அவை 28 தனி வகைகளாகப் பிரிந்தன. சில, அதுவரை தெரிந்த எதோடும் நெருங்கவில்லை. வளர்த்த பங்கசுகளின் சாற்றை எடுத்துச் சோதித்தபோது சில மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராகவும், சில சாகஸ் நோயின் ஒட்டுண்ணிக்கு எதிராகவும், சில மார்பகப் புற்றுக் கலங்களுக்கு எதிராகவும் வேலை செய்தன. பற்றீரியாவுக்கு எதிராக 50 சாறுகளைச் சோதித்ததில் 20 ஏதாவது ஒரு பற்றீரியாவையாவது அடக்கின. எல்லாம் ஆய்வுகூடக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் நடந்தவை. அதிலிருந்து மருந்து வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறகு 2022இல் கோஸ்டாரிக்காவிலிருந்து வந்த ஆய்வு, ஸ்லோத்தின் ரோமத்தில் வாழும் பற்றீரியாக்களிலேயே நுண்ணுயிர்க் கொல்லிகளை உண்டாக்குபவை இருப்பதைக் காட்டியது. ரோமத்தில் யார் பெருகலாம், யார் பெருகக் கூடாது என்பதை அங்கே குடியிருப்பவர்களே ஓரளவுக்குத் தீர்மானிக்கிறார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

சரி, நம் கன்றுக்கு வருவோம். ஸ்லோத்தின் ரோமத்தில் கண்ட அந்த 28 வகையும் ஆஸ்கோமைக்கோட்டா என்ற பெருங்குழுவைச் சேர்ந்தவை. நம் கன்றில் இருந்ததும் அதே பெருங்குழுதான். பங்கசு கூடாத சாதி, ஆகாத சாதி என்று ஒன்றும் இல்லை. ரோமத்தின் மேல் தங்கி, வந்து விழும் தூசியையும் ஈரத்தையும் வைத்து வாழ்வது ஒரு பிழைப்பு. ரோமத்தையே உணவாக்குவது இன்னொரு பிழைப்பு. படர்தாமரைப் பங்கசு இரண்டாவது வகை. ரோமத்தின் உறுதிக்குக் காரணமான கெரட்டின் என்ற புரதத்தை நொதிகளால் உடைத்துத் தின்கிறது. தின்ற இடத்தில் ரோமம் ஒடிகிறது. அந்த நொதிகளையும் கழிவுகளையும் எதிரி என்று உடம்பு உணர்ந்து போராடும்போது தோல் தடித்துப் பொருக்குத் தட்டுகிறது.

அதே கொட்டிலில் தாய்ப்பசு சுத்தமாக நின்றதையும் அந்தப் பிள்ளை கவனித்திருந்தாள். ஒரு முறை இந்த நோய் வந்து குணமான மாட்டுக்கு நீண்ட காலத்துக்கு எதிர்ப்பு நிற்கும். கன்று அந்தப் பங்கசுவை அப்போதுதான் முதல் தடவை சந்தித்தது. அதோடு இருட்டு, ஈரம், நெருக்கம், உரச ஒரு தூண். ஆரோக்கியமான கன்றின் தோலிலும் பற்றீரியாவும் மதுவம் (ஈஸ்ட்) வகைப் பங்கசும் எப்போதும் குடியிருக்கின்றன, ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்லோத்தும் ஒன்றும் வரம் வாங்கி வந்த மிருகம் அல்ல. பிடித்து வைத்து வளர்க்கும்போது அதற்கும் தோல் நோய் வருவதுண்டு.

"அப்ப மேல யாரும் இருக்கிறது பிரச்சினை இல்ல, யாரு இருக்கிறாங்க, எந்த வீட்ல இருக்கிறாங்கங்கிறதுதான் பிரச்சினையா சேர்?" என்றாள். அவ்வளவுதான். நான் இத்தனை பந்தியில் எழுதியதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

பையனின் தலை

கன்றை விட மோசமான நிலையில் இருந்தவன் பையன். இதற்கும் ஒரு காரணம் உண்டு. மனிதரோடு நெடுங்காலம் பழகிய பங்கசுகள் மனிதத் தோலில் அதிகம் சத்தம் போடாமல் காலம் தள்ளும். மாட்டோடு பழகிய பங்கசு மனிதத் தோலுக்கு அந்நியம், உடம்பு அதைக் கடுமையாக எதிர்க்கும். சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம் அந்த எதிர்ப்பின் அடையாளம். அவனுடைய உச்சந்தலை வீக்கத்தை அமுக்கினால் மெத்தென்று இருந்தது, மேலே சீழ்ப் புள்ளிகள், முடி தொட்டாலே கையோடு வந்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பார்ப்பவர்களுக்குக் கட்டி மாதிரித் தெரியும். கீறிவிட்டால் போகும் என்று லயத்தில் ஒருவர் சொல்லியுமிருந்தார். கீறியிருந்தால் தழும்புதான் மிஞ்சும், அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். இது பங்கசு தலைமுடியின் வேருக்குள் இறங்கியதால் வரும் வீக்கம். மேலே பூசுவதால் மட்டும் போகாது, வாயால் மருந்து எடுக்க வேண்டும்.

கைக்கு ஒரு கிறீம் பூசிக்கொண்டிருந்தார்கள். குழாயை வாங்கிப் பார்த்தேன். பங்கசு மருந்து, பற்றீரியா மருந்து, கடுமையான ஸ்டீரொயிட் ஒன்று, மூன்றும் கலந்தது. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டீரொயிட் சிவப்பையும் அரிப்பையும் இரண்டே நாளில் அடக்கும், "மருந்து கேக்குது" என்று தாய் நம்புவார். உண்மையில் அடங்குவது உடம்பின் எதிர்ப்பு. பங்கசு அமைதியாகப் பரவிக்கொண்டே போகும், வட்டத்தின் தெளிவான விளிம்பும் மறைந்துபோகும். பிறகு அனுபவமுள்ள வைத்தியர்களுக்கே அடையாளம் காண்பது கடினம். தாயின் கையில் முதலில் ஒரு வட்டமாக இருந்தது, பூசப் பூச முழங்கை வரை ஏறியிருந்தது.

மனிதருக்கு மருந்து கொடுப்பது என் வேலை அல்ல. கன்றில் கண்டதை ஒரு தாளில் எழுதி, "மாட்டிலிருந்து தொற்றிய பங்கசு என்று சந்தேகம், கன்றின் ரோமத்தில் வித்திகள் கண்டேன்" என்று குறித்து, இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வீட்டில் மாடு இருக்கிறது என்ற ஒரு வரி வைத்தியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தால் எத்தனையோ சுற்றல் மிச்சம்.

பையனுக்குக் கிரிசியோபுல்வின் குளிசை எழுதப்பட்டது, பல வாரங்களுக்கு. இந்த மருந்தும் ஒரு பங்கசுவிடமிருந்து வந்ததுதான். 1939இல் லண்டனில் பெனிசிலியம் கிரிசியோபுல்வம் என்ற பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1958இல்தான், வாயால் கொடுத்தால் கினிப் பன்றிகளின் படர்தாமரை குணமாகிறது என்று தெரிய வந்தது. புதிதாக முளைக்கும் முடிக்குள் மருந்து படிந்து, அந்த முடியைப் பங்கசு தின்ன முடியாமல் செய்கிறது. அதனால்தான் இத்தனை வாரம்: பழைய முடி போய் மருந்தேறிய முடி வளர நாள் எடுக்கும். கொழுப்போடு சேர்த்து எடுத்தால் நன்றாக உறிஞ்சப்படும் என்பதால், சாப்பாட்டோடு ஆடை எடுக்காத பால் குடிக்கச் சொன்னார்கள். பால் வீட்டுப் பசுவின் பால்தான். "அந்தப் பாலக் குடிக்கலாமா சேர்?" என்று அக்கா தயங்கினார். இந்த நோய் பாலில் இறங்காது. பால் சென்டருக்குக் கொடுக்கவும் தடையில்லை. வழக்கம்போலக் காய்ச்சிக் குடித்தால் போதும், கறக்கும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும்.

கன்றுக்கும் கொட்டிலுக்கும்

கன்றின் நோய், விட்டாலும் சில மாதங்களில் தானாக ஆறும். பின் ஏன் வைத்தியம்? ஆறும் வரை அது உதிர்க்கும் ஒவ்வொரு பொருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அடுத்த கன்றுக்கும் விதை. அதற்காகத்தான்.

வீட்டார் ஏற்கெனவே கழிவு என்ஜின் ஒயில் பூசியிருந்தார்கள். தோட்டங்களில் பல இடங்களில் இந்தப் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பழைய ஒயிலில் ஈயமும் வேறு நஞ்சுகளும் இருக்கலாம், கன்று நக்கும், தோல் வெந்துபோகும். நாங்கள் செய்தது இவ்வளவுதான். பொருக்கை வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்தோம். உலர்ந்த பொருக்கைச் சுரண்டினால் தூளாகிப் பறக்கும், நனைத்து எடுப்பதே பாதுகாப்பு. எடுத்ததைக் கடதாசியில் கூட்டி அடுப்பில் போட்டோம். கழுத்திலும் காதிலும் ஒரு நாள் அயடின் கரைசல், மறுநாள் விட்பீல்ட் களிம்பு. அந்தக் களிம்பிலுள்ள அமிலம் கண்ணில் பட்டால் எரிக்கும் என்பதால் கண்ணைச் சுற்றி மட்டும் குளோட்றிமசோல், மெல்லிசாக. பூசுபவர் கையுறை போட வேண்டும், அந்த வேலையைப் பையன் செய்யக் கூடாது. கிரிசியோபுல்வினைக் கன்றுக்குக் கொடுக்கவில்லை. தானாக ஆறும் நோய்க்கு, பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் மிருகத்துக்கு அது தேவையில்லை.

தகப்பனார் கன்றை விற்றுவிடலாம் என்றார். பையனின் தலையைப் பார்த்த வேதனையில் சொன்னது, புரிகிறது. ஆனால் விற்றால் நோய் இன்னொரு வீட்டுக்குப் போகும், இந்தக் கொட்டிலிலிருந்தும் போகாது. பொருக்கு முழுதாக விழுந்து ரோமம் முளைக்கும் வரை விற்கவும் வேண்டாம், அடுத்த வீட்டுக் கொட்டிலில் கட்டவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்.

அந்த யூகலிப்டஸ் தூணைப் பிடுங்கி எரித்தார்கள். சாக்குப் படுதாக்களும் கழுத்துக் கயிறும் அதோடு போயின. தரையையும் தடுப்பையும் முதலில் சாணம் போகத் தேய்த்துக் கழுவினார்கள். சாணம் இருக்கும்போது குளோரின் தெளித்தால் மருந்தை அந்தச் சாணமே தின்றுவிடும். காய்ந்த பிறகு ஒரு பங்கு வீட்டுக் குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, கடைசியில் சுண்ணாம்பு. கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி ஒளி புகும் தகடு போட்டார்கள். காற்றுப் பக்கம் முழுவதையும் அடைக்காமல், கன்றின் முதுகுக்கு மேலே ஒரு முழம் திறந்து விட்டார்கள். வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் கன்றை வெளியே கட்டினார்கள். செலவில் பெரியது அந்தக் கூரைத் தகடுதான். அதையும் ஊரில் பழைய சாமான் விற்கும் இடத்தில் பாதி விலைக்கு எடுத்தார் தகப்பனார்.

சில நாடுகளில் இந்தப் பங்கசுவுக்குத் தடுப்பூசியே உண்டு. சோவியத் நாட்டில் 1970களில் வந்தது. நோர்வே அதை வைத்துத் தன் மாடுகளில் நோயைப் பெருமளவு ஒழித்திருக்கிறது. நம் சிறு வளர்ப்பாளர்களுக்கு இப்போதைக்கு வெளிச்சமும் சுண்ணாம்பும்தான்.

விளைவு

கன்றின் பொருக்குகள் சில வாரங்களில் உதிர்ந்தன, கண்ணைச் சுற்றி முதலில் மெல்லிய கறுப்பு ரோமம் வந்தது. கழுத்து கடைசியாக மூடியது. தாயின் கைக்கு ஸ்டீரொயிட் இல்லாத மருந்து கொடுக்கப்பட்டது. கிறீமை நிறுத்தியதும் சிவப்பு கொஞ்சம் கூடியது. அது கூடும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் பயந்து பழைய குழாய்க்குத் திரும்பவில்லை. பையனின் வீக்கம் வற்றியது. முடி பெரும்பாலும் திரும்பிவிட்டது, நடுவில் விரல்நுனி அளவு இடம் மட்டும் இன்னும் மொட்டை. அங்கே முளைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றே வைத்தியர் தாயிடம் சொல்லியிருக்கிறார்.

ஆய்வுகூடத்தின் பதில், கன்றுக்கு ரோமம் முளைத்த பிறகே வந்தது: ட்ரைக்கோபைட்டன் வெருக்கோசம். அந்தத் தாளின் நகல் ஒன்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஒன்றை மூத்த மகள் விஞ்ஞானக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறாள். பசு மறுபடி சினை. அடுத்த கன்றுக்குத் தனித் தடுப்பு ஒன்றைத் தகப்பனார் இப்போதே அடிக்கத் தொடங்கியிருக்கிறார். பழைய கட்டைகளை அதற்கு எடுக்கவில்லை.